முகம் மாறிய நாயகரும் மாறாத ஊரும்: ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ (1960, 2016) மறுஆக்கத்தில் இனமும் பாத்திரத் தெரிவும்

ஹாலிவுட்டின் அதிரடிப் படங்கள் மறுஆக்கம் பெறும்போது நாயகப் பாத்திரத்தை வேறு இனத்தாருக்கோ பெண்ணுக்கோ அளிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. 1985 முதல் 1989 வரை ஒளிபரப்பான ‘தி ஈக்வலைசர்’ தொலைக்காட்சித் தொடரில் ஆங்கில நடிகர் எட்வர்ட் வுட்வர்ட் ஏற்ற வேடத்தை 2014இல் திரைப்படத்தில் டென்சல் வாஷிங்டன் ஏற்றார். 2021இல் தொடங்கிய புதிய தொடரில் அது குயின் லத்தீஃபாவிடம் வந்தது. 1984இன் ‘தி கராத்தே கிட்’ படத்தில் ரால்ஃப் மாக்கியோ நின்ற இடத்தில் 2010இல் ஜேடன் ஸ்மித் நின்றார். இத்தகைய தெரிவுகள் ஒவ்வொன்றும் ஒரே விவாதத்தை எழுப்பிவருகின்றன. மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்பர் ஒரு சாரார். நெடுங்காலம் மறுக்கப்பட்ட பிரதிநிதித்துவம் என்பர் மறு சாரார். எதிரெதிராகத் தோன்றினும் இவ்விரு தரப்பாரும் பார்ப்பது ஒன்றையே, அதாவது சுவரொட்டியில் உள்ள முகத்தை. அம்முகம் கதைக்குள் யாரைக் காக்கிறது, யாரைக் கொல்கிறது, இறுதியில் எங்கே போய்ச் சேர்கிறது என்னும் வினாக்கள் இருதரப்பிலும் அரிதாகவே எழுகின்றன.

தமிழ் இலக்கண மரபு இங்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்வந்தவன் விரும்பும் வேறுபாடுகளையும் ஏற்று அமைவது வழிநூல் என நன்னூல் வரையறுக்கிறது. வேறுபாடு வழிநூலுக்குக் குற்றமன்று. வழிநூல் தோன்றுவதற்கான காரணமே அதுதான். எனவே ‘மாற்றலாமா’ என்பது பொருளற்ற வினா. மாற்றம் நூலின் எவ்வுறுப்பு வரை சென்றது என்பதே ஆராயத்தக்கது. அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954), அதன் வழிவந்த ஜான் ஸ்டர்ஜஸின் ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ (1960), அதன் வழிவந்த ஆன்ட்வான் ஃபுக்வாவின் அதே பெயர்ப் படம் (2016) ஆகிய மூன்றும் இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமானவை. முதல்நூல், வழி, வழியின் வழி என அவை ஒரே கதையை மூன்று சமூகங்களுக்குள் கொண்டுசெல்கின்றன.

அறிமுகக் காட்சிகள்

மூன்று படங்களிலும் ஊரார் ஒரு வீரனின் செயலைக் கண்டு, அதன்பிறகே அவனை நாடுகின்றனர். குரோசாவாவின் காம்பெய், திருடன் ஒருவன் பிணையாகப் பிடித்துவைத்த குழந்தையை மீட்பதற்காகத் தன் குடுமியை மழித்துத் துறவி வேடம் பூணுகிறான். சாமுராயின் குடுமி அவனது குலத்தகுதியின் அடையாளம். உழவர் காண்பது வாள்வீச்சை மட்டுமன்று, தகுதியைக் களைய அஞ்சாத ஒருவனையும்தான்.

ஸ்டர்ஜஸ் இக்காட்சியை அமெரிக்க மண்ணுக்குப் பெயர்த்த விதம் வியப்புக்குரியது. தெருவில் இறந்துகிடந்த பூர்வகுடி மனிதர் ஒருவரை நகரின் இடுகாட்டில் புதைக்கக் கூடாது என்கின்றனர் சிலர். பிணவண்டியை ஓட்ட ஆளில்லை. யூல் பிரின்னர் ஏற்ற கிறிஸ் வண்டியின் கடிவாளத்தைப் பிடிக்கிறான். ஸ்டீவ் மெக்வீனின் வின் துப்பாக்கியுடன் அருகில் அமர்கிறான். குண்டுகளுக்கு நடுவே வண்டி மேட்டுக்குச் செல்கிறது. பிணம் அடக்கம் பெறுகிறது. மெக்சிகோவின் உழவர் மூவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இறந்தவர்க்குரிய நிலத்தைக்கூட இனத்தால் பங்கிடும் ஊரில், அப்பங்கீட்டை மறுத்தவனையே தங்களைக் காப்பவனாக அவர்கள் தெரிவுசெய்கின்றனர். இடுகாட்டுப் பாதை மறுக்கப்படும் செய்திகளை இன்றும் படிக்க நேரும் தமிழ் வாசகர்க்கு இக்காட்சியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

2016இல் நாயகன் சாம் சிஸம் கறுப்பினத்தவன், வேடமேற்றவர் வாஷிங்டன். குதிரையில் அவன் ஊருக்குள் வரும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது, மதுக்கடை அமைதியாகிறது. அவ்வளவுதான். பிறகு நிகழ்வது சட்டப்படி தேடப்பட்ட குற்றவாளி ஒருவனை அவன் சுட்டு வீழ்த்தும் தொழில்முறைச் செயல். எம்மா கல்லன் என்னும் இளம் கைம்பெண் அதைக் கண்டு அவனை நாடுகிறாள். இங்கொரு முரண் உள்ளது. வெள்ளையர் பெரும்பான்மையாக நடித்த 1960ஆம் ஆண்டுப் படம் இனத்தைத் தன் முதல் வினாவாக வைத்தது. பல இன நடிகர்களைக் கொண்டு வந்த 2016ஆம் ஆண்டுப் படம் அவ்வினாவைச் சில பார்வைகளாகச் சுருக்கிவிட்டது. நடிகரின் உடலே பேசிவிடும், ஆகவே கதை பேச வேண்டியதில்லை என்னும் நம்பிக்கை அதன்பின் இயங்குகிறது எனலாம்.

நடிகர் தெரிவும் ஊரும்

2016ஆம் ஆண்டுப் படத்தின் சாதனையை மறுப்பது நேர்மையன்று. 1960இல் மெக்சிகோக் கொள்ளையன் கல்வேராவாக நடித்தவர் புரூக்ளினில் பிறந்த ஈலை வாலக். மெக்சிகோ உழவர்குடி இளைஞன் சிகோவாக நடித்தவர் ஜெர்மானியரான ஹார்ஸ்ட் புக்ஹோல்ட்ஸ். 2016இல் கொமான்சி வீரன் ரெட் ஹார்வெஸ்டாக அலாஸ்காவின் பூர்வகுடி மரபினரான மார்ட்டின் சென்ஸ்மையரும், வாஸ்க்வெஸாக மெக்சிகோவின் மானுவல் கார்சியா-ருல்ஃபோவும், பில்லி ராக்ஸாகத் தென்கொரியாவின் பியுங்-ஹுன் லீயும் நடித்தனர். ஒருவரின் வேடத்தை இன்னொருவர் பூசிக்கொள்ளும் பழைய வழக்கம் இங்கு முடிவுக்கு வந்தது.

வரலாற்றுக்குப் பொருந்தாது என்னும் எதிர்ப்பும் நிற்பதற்கில்லை. அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் 1875 முதல் ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தின்கீழ்ச் சட்ட அலுவலராகப் பணியாற்றியவர். கறுப்பின மாடுமேய்ப்பர்களும் மெக்சிகோ மேய்ப்பர்களும் மேற்கில் பெருந்தொகையினராக இருந்தனர். அவர்களைக் காட்டாமல் விட்ட பழைய படங்களே வரலாற்றைத் திரித்தவை.

ஆயினும் எழுவர் பலவினத்தவராக மாறியபோது ஊரும் மாறியது. 1960இல் காக்கப்படுவது மெக்சிகோச் சிற்றூர். 2016இல் காக்கப்படுவது ரோஸ் கிரீக் என்னும் வெள்ளைக் குடியேறிகளின் ஊர். வில்லன் கொள்ளையனாக அல்லாமல் சுரங்க முதலாளி போக்காக வருவது நல்ல மாற்றம். நிலத்தை விழுங்கும் மூலதனத்துக்கு அது முகம் தருகிறது. ஆனால் அந்நிலம் குடியேறிகளின் கைக்கு எவ்வாறு வந்தது என்பதைக் கொமான்சி வீரன் ஒருவனை உடன் வைத்துக்கொண்டும் படம் கேட்பதில்லை. அவனோ போக்கிடம் கூலிக்கு வேலைசெய்யும் மற்றொரு கொமான்சியைக் கொல்வதற்கே பெரிதும் பயன்படுகிறான். பூர்வகுடியினரைக் கொன்று பேர்பெற்ற ஜாக் ஹார்னும் இக்குழுவில் இருக்கிறான். இருவரும் ஒரே தீயருகே அமர்கின்றனர். அவர்களிடையே பேசப்பட வேண்டியது பேசப்படவில்லை.

1879

படம் நிகழும் ஆண்டு 1879. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் 1877இல் முடிவுற்று, தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைகள் பறிபோகத் தொடங்கிய நேரம் அது. சிஸமின் பழைய தோழனாக வருபவன் குட்நைட் ரோபிஷோ. கூட்டமைப்புப் படையில் குறிதவறாச் சுடுநராக இருந்தவன். அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவனுக்கும் கறுப்பினச் சட்ட அலுவலருக்கும் இடையே இத்தகைய நட்பு உருவானது எங்ஙனம் என்பதே தனியொரு படத்துக்குரிய பொருள். ஈத்தன் ஹாக்கின் நடிப்பு ரோபிஷோவின் போர்க்கால நடுக்கத்தை நுட்பமாகக் காட்டுகிறது. எனினும் அந்நடுக்கம் கொன்றதன் குற்றவுணர்வாகவே நிற்கிறது. எதற்காகக் கொன்றான் என்பதைத் தொடுவதில்லை.

இம்மௌனத்துக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. கறுப்பின நாயகன் தோன்றும் படமெல்லாம் இனத்துயரையே பேச வேண்டும் என்பது வேறொரு சிறை. பிரின்னருக்குக் கிடைத்த சுமையற்ற வீரம் வாஷிங்டனுக்கும் கிடைக்கட்டும். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் படமே அதைப் பின்பற்றவில்லை. சிஸமுக்குச் சுமையற்ற வீரம் தரப்படவில்லை. மறைக்கப்பட்ட துயரம் ஒன்று தரப்படுகிறது. கன்சாஸில் போக்கின் ஆட்கள் அவனுடைய தாயையும் உடன்பிறந்தாரையும் அழித்து, அவனையும் தூக்கிலிட்டனர், அவன் பிழைத்தான். கழுத்தில் கயிற்றுத் தழும்புடைய கறுப்பின மனிதனை அமெரிக்கத் திரை காட்டும்போது அத்தழும்பு தனியொருவனின் கதையாக மட்டும் நிற்காது. கும்பல் தூக்கின் வரலாறு முழுவதும் அதில் உள்ளது. அந்த வரலாற்றின் படிமத்தை எடுத்துக்கொண்டு, அதன் பெயரை மட்டும் படம் சொல்லாமல் விடுகிறது.

எரிந்த தேவாலயத்துக்குள் சிஸம் போக்கின் கழுத்தை நெரிக்கும்போது, போக் மறைத்துவைத்திருந்த துப்பாக்கியை எடுக்கிறான். அக்கணத்தில் சுடுபவள் எம்மா. நீதியை நாடுவதாகவும் பழி கிடைத்தால் அதையும் ஏற்பதாகவும் தொடக்கத்தில் சொன்னவள் அவளே என்பதால் இம்முடிவுக்குக் கதைத்தருக்கம் உண்டு. பெண்ணைக் காக்கப்படுபவளாக மட்டும் வைக்காத புதுமையும் உண்டு. எனினும் ஒரு பன்மையைச் சேர்க்க மற்றொரு பன்மையின் உச்சக்கணம் விலையாகத் தரப்படுகிறது. ‘நோ டைம் டு டை’ (2021) படத்திலும் இதற்கு இணையான ஒன்று நிகழ்கிறது. 007 என்னும் எண்ணை ஏற்றிருந்த கறுப்பினப் பெண் உளவாளி நோமி, அதை பாண்டுக்கே திருப்பித் தருமாறு தானே கேட்கிறாள். தருவதும் பெறுவதும் பெருந்தன்மையாகக் காட்டப்படுகின்றன.

அதே கைகளின் வேறு பணி

குறை ஃபுக்வாவின் ஆற்றலில் இல்லை என்பதற்கு அவருடைய படங்களே சான்று. ‘தி ஈக்வலைசர்’ (2014) படத்தில் மெக்கால், பாஸ்டனின் உணவகத்தில் நள்ளிரவில் தனித்து அமர்ந்து ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலைப் படிக்கிறான். நடிகர் மாறியதைத் தவிர அங்கு வேறு மாற்றம் குறைவு. 2018இன் இரண்டாம் பாகத்தில் மெக்காலின் குடியிருப்பில் மைல்ஸ் என்னும் கறுப்பின இளைஞன் வருகிறான். ஓவியம் கற்பவன், கும்பலால் ஈர்க்கப்படுபவன். மெக்கால் அவனிடம் தா-நெஹிசி கோட்ஸ் தன் மகனுக்கு எழுதும் கடிதமாக அமைந்த 2015ஆம் ஆண்டு நூலைக் கொடுக்கிறான். கொலைகளும் வெடிப்புகளும் நிறைந்த படத்தில் ஒரு நூல் கைமாறுவது சிறிய செய்திதான். ஆனால் நாயகன் இன்னார் என்பதனால் மட்டுமே சாத்தியமாகும் உறவு அங்கே பிறக்கிறது. வுட்வர்டின் மெக்கால் அந்நூலைத் தந்திருந்தால் அக்காட்சியின் பொருளே வேறு. இயக்குநர் ஃபுக்வா, நடிகர் வாஷிங்டன், திரைக்கதையாளர் ரிச்சர்ட் வெங்க் மூவரும் ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ படத்திலும் உள்ளவர்கள். அங்கே வெங்குடன் நிக் பிஸோலாட்டோவும் எழுதினார்.

தங்குபவரும் செல்பவரும்

இறுதிக் காட்சிகளில் வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. குரோசாவாவின் படத்தில் இளம் சாமுராய் கட்சுஷிரோ, தான் விரும்பிய உழவர் மகள் ஷினோ நாற்று நடச் செல்வதைப் பார்த்து நிற்கிறான். அவளோ அவனைக் கடந்து செல்கிறாள். குலத்தின் எல்லை போரால் அழியவில்லை. வென்றவர் உழவரே என்று காம்பெய் உணர்கிறான். ஸ்டர்ஜஸ் படத்தில் அவ்வுணர்வைக் கிறிஸ் வெளியிட்டாலும், சிகோ துப்பாக்கியைக் கழற்றிவிட்டுப் பெட்ராவிடம் திரும்புகிறான். அவன் உழவர் மகன் என்பதால் ஊர் அவனை ஏற்கிறது.

2016இல் எழுவரில் எஞ்சுவோர் சிஸம், வாஸ்க்வெஸ், ரெட் ஹார்வெஸ்ட் ஆகிய மூவர். வெள்ளையரல்லாதாரை முதலில் சாகவிடும் பழைய வழக்கத்தைப் படம் திட்டமிட்டே தலைகீழாக்கியுள்ளது. ஆனால் பிழைத்த மூவருள் எவருக்கும் அவ்வூரில் தங்குவது பற்றிய எண்ணமே எழுவதில்லை. தங்குமாறு கேட்பாரும் இல்லை. சிகோவுக்கு இணையான பாத்திரமே இப்படத்தில் விடுபட்டிருப்பதால், அவ்வினா எழுவதற்கான இடமும் கதையில் இல்லை. இறந்த நால்வருக்கு ரோஸ் கிரீக்கில் குன்றின்மேல் கல்லறைகள் உண்டு. காத்தவர்களின் பெருமையை எம்மாவின் குரல் சொல்லிக்கொண்டிருக்க, மூவரும் நன்றி பெற்றுக்கொண்டு ஊரைவிட்டுக் குதிரையில் வெளியேறுகின்றனர்.