நூழிலும் கூழையும்: அணிவழிச் சுடுவிளையாட்டின் புதிய நாயகனும் தும்பைத்திணை மரபும்

ஆய்வுச்சுருக்கம்

அணிவழிச் சுடுவிளையாட்டுகளில் தாக்குதலைத் தொழிலாகக் கொண்ட நாயகர்களே பெரிதும் விரும்பி எடுக்கப்படுகின்றனர். 'மார்வெல் ரைவல்ஸ்' என்னும் விளையாட்டில் 2025 சனவரியில் சேர்க்கப்பட்ட மிஸ்டர் ஃபன்டாஸ்டிக் என்னும் நாயகனைச் சான்றாகக் கொண்டு, போர்த்தொழில் பகுப்பைத் தொல்காப்பியப் புறத்திணையியல், புறநானூறு, நெடுநல்வாடை ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை திறனாய்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பற்றிய பாடல்கள் ஒப்பீட்டின் மையமாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: தும்பை, நூழில், எருமை, தார்நிலை, மார்வெல் ரைவல்ஸ், நெடுஞ்செழியன், ஏறுதழுவல்

விளையாட்டின் அமைப்பு

நெட்ஈஸ் நிறுவனத்தின் மார்வெல் ரைவல்ஸ் 2024 டிசம்பர் 6 அன்று கணினிக்கும் உயர்நிலை விளையாட்டுக் கருவிகளுக்கும் உரியதாக வெளிவந்தது. அணிக்கு அறுவராக இரண்டு அணிகள் மோதும். நாயகர்கள் மூன்று தொழிலினராகப் பகுக்கப்பட்டுள்ளனர். முன்னின்று அடியைத் தாங்குவோர் 'வேன்கார்ட்'. எதிரியை வீழ்த்துவோர் 'டூயலிஸ்ட்'. காயம் ஆற்றித் துணைசெய்வோர் 'ஸ்ட்ராட்டஜிஸ்ட்'. 2016இல் வந்த 'ஓவர்வாட்ச்' இத்தகைய முப்பகுப்பைப் பரவலாக்கியது. ரைவல்ஸ் அதை அமெரிக்கச் சித்திரக்கதை நாயகர்களின்மேல் ஏற்றியது.

வெளியீட்டின்போது இருந்த 33 நாயகர்களில் தாங்குவோர் 8, ஆற்றுவோர் 7, வீழ்த்துவோர் 18. இவ்வெண்ணிக்கையே ஒரு மதிப்பீடு. ஓர் அணியில் இத்தனை பேர் இத்தொழில் செய்ய வேண்டும் என்னும் கட்டாயம் விளையாட்டில் இல்லை. ஒரே நாயகனை ஓர் அணியில் இருவர் எடுக்க இயலாது என்பது மட்டுமே விதி. எனவே புதிய டூயலிஸ்ட் ஒருவன் வரும் நாளில் நிகழ்வது எளிதில் ஊகிக்கத்தக்கது. அறுவருள் பலர் அவனை நாடுவர். முந்தியவருக்கு அவன் கிடைப்பான். எஞ்சியோர் வேறொரு டூயலிஸ்ட்டைத் தேடுவர். தாங்குவதற்கும் ஆற்றுவதற்கும் ஆள் இராது. அணி தோற்பதற்கான காரணம் பெரும்பாலும் ஆட்டம் தொடங்குமுன்னரே அமைந்துவிடுகிறது.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இரண்டு வழிகளில் ஒன்றையே பெரிதும் மேற்கொள்கின்றனர். ஒன்று, இவற்றை இளைஞரைக் கெடுக்கும் அடிமைப் பழக்கமாக மட்டும் காண்பது; மற்றொன்று, இவையெல்லாம் சங்க இலக்கியத்தில் முன்பே உள்ளன எனப் பெருமைப்படுவது. முன்னது விளையாட்டைப் படிப்பதில்லை. பின்னது இலக்கியத்தைப் படிப்பதில்லை. இரண்டு போர்ப்புனைவுகளும் எதைத் தொழிலாகக் கருதின, யாருக்குப் பெயர் தந்தன என்று கேட்கும்போதே ஒப்பீடு பயன் தரும்.

தும்பையின் தொழிற்பகுப்பு

தொல்காப்பியர் தும்பைத்திணைக்குப் பன்னிரு துறைகள் கூறுகிறார். அவற்றுள் மூன்று இவ்வாய்வுக்கு உரியன. வேந்தனைப் பகைவர் சூழ்ந்துகொண்டபோது வீரனொருவன் மீண்டுவந்து அவர்களை எறிவது தார்நிலை. தன் படை உடைந்தோடும்போது ஒருவன் உட்புகுந்து பின்னணியைத் தாங்கி நிற்பது எருமை. பல்படையும் ஒருவனுக்கு உடைய, அவன் வாள் வீசிக் கொன்று குவிப்பது நூழில்.

தார் என்பது படையின் முன்னணி. கூழை என்பது பின்னணி. விளையாட்டில் வேன்கார்ட் என்னும் பெயரும் முன்னணி என்றே பொருள்படும். ஆனால் அத்தொழிலின் அருமை முன்னே செல்வதில் மட்டும் இல்லை. அணி சிதறிப் பின்வாங்கும்போது இடுக்கமான வழியொன்றில் நின்று, தான் வீழ்வதற்குள் ஏனையோர் தப்பப் பொழுது ஈட்டித் தருபவனே அத்தொழிலை அறிந்தவன். அவனுக்குப் பொருத்தமான பழம்பெயர் எருமை. அசையாது நிற்றல், அடிக்கு அஞ்சாமை, விரைவின்மை ஆகிய மூன்றையும் ஒரு விலங்கின் பெயரால் உணர்த்திய இலக்கண மரபு, அழகற்ற வீரத்துக்கும் ஒரு துறையை ஒதுக்கியது. பன்னிரு துறைகளின் பட்டியலில் எருமை இடையில் நிற்கிறது. நூழில் இறுதியில் வருகிறது. இவ்வைப்புமுறை தரவரிசை ஆகாது. எனினும் கொன்று குவித்தல் பன்னிரண்டில் ஒன்றாக மட்டுமே வைக்கப்பட்டிருப்பதும், விளையாட்டில் அது பாதிக்கு மேற்பட்ட நாயகரின் தொழிலாக இருப்பதும் ஒருங்கு நோக்கத்தக்கன.

பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் ஒரு மாற்றம் தெரிகிறது. அங்கு நூழில் என்பது பகைவரை வென்றவன் வேலைச் சுழற்றி ஆடும் ஆட்டமாகவும் விரிகிறது. வீழ்த்துவதோடு அமையாமல் வீழ்த்தியதைக் காட்டவும் வேண்டும் என்னும் நோக்கு துறையின் வரையறைக்குள் நுழைந்துவிட்டது. ரைவல்ஸின் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் வென்ற அணியின் சிறந்த ஆட்டக்காரருடைய நாயகன் திரையை நிறைத்துத் தன் வெற்றிக்கோலம் காட்டுவதை இம்மாற்றத்தின் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

புதியவன் ஒருவன்

2025 சனவரி 10 அன்று விளையாட்டின் முதற்பருவத்தோடு மிஸ்டர் ஃபன்டாஸ்டிக் டூயலிஸ்ட்டாக வந்தான். அதே நாளில் அவன் துணைவி இன்விசிபிள் வுமன் ஆற்றும் தொழிலினளாக வந்தாள். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1961இல் படைத்த நால்வர் குழுவின் தலைவன் அவன். உடலை வேண்டியவாறு நீட்டி வளைக்க வல்லவன். நீளும் கைகளால் வரிசையாக நிற்கும் எதிரிகளை ஒருசேர அறைவான். ஆயினும் அவன் தொழில் அதனோடு முடியவில்லை. தோழன் ஒருவனை நோக்கி உடலை நீட்டிப் பாய்ந்தால் அத்தோழனுக்குக் காப்பு கிடைக்கிறது. உடலை விரிப்பாக்கி எதிரியின் தாக்குதலை வாங்கிக்கொண்டு அதையே திருப்பி எறியவும் இயலும்.

அவனைத் தனக்கெனக் கொலை எண்ணிக்கை சேர்க்க எடுப்பவர் விரைவில் ஏமாற்றமடைவர். தொலைவிலிருந்து சுடும் நாயகர்களோடு எண்ணிக்கையில் போட்டியிட அவன் ஏற்றவன் அல்லன். முன்னணி வீரன் சோர்ந்த கணத்தில் இடைபுகுந்து விரிந்து நின்று, காயம்பட்டவனிடம் பாய்ந்து காப்பளித்து, பின் மீண்டு அறைவதே அவனை ஆளும் முறை. அதாவது, அவனுடைய நூழில் தார்நிலையின் வழியாகவே கைகூடுகிறது. டூயலிஸ்ட் என்னும் சொல் ஒருவனோடு ஒருவன் பொருவதைக் குறிப்பது. இந்நாயகனின் ஆட்டம் அப்பெயருக்கு உள்ளிருந்தே மறுப்புரைக்கிறது. விளையாட்டை வடிவமைத்தோர் தம் பகுப்பின் குறையை உணர்ந்து இவ்வாறு செய்தனரா என்பதை விட, ஆடுவோர் அதை உணர மறுப்பதே திறனாய்வுக்குரிய செய்தி. புதியவன் என்றவுடன் அவன் எத்தனை பேரைக் கொல்வான் என்பதே முதற்கேள்வியாகிறது.

இக்கேள்வியை மதுரை மண்ணின் பழம்பாடல்கள் வேறுவகையில் எதிர்கொண்டன. இடைக்குன்றூர் கிழார் நெடுஞ்செழியனைப் பாடிய புறநானூற்று 76, 77ஆம் பாடல்கள் களத்துக்குப் புதியவனான ஓர் இளையவனைப் பற்றியவை. ஒருவனை ஒருவன் கொல்வதும் தோற்பதும் உலகில் புதிதல்ல என்று 76ஆம் பாடல் தொடங்குகிறது. தனித்து நின்ற செழியன் சேர்ந்து வந்த எழுவரை அட்டதே அன்றுவரை கேளாத செய்தி என்கிறது. 77ஆம் பாடல் அவன் கோலத்தைக் காட்டுகிறது. கிண்கிணி கழற்றிய காலில் கழல் ஏறியிருக்கிறது. சிறுவர் அணியும் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. பால் விட்டுச் சோறுண்டதும் இன்றுதான். பகைவரை அவன் வியக்கவும் இல்லை, இழிவாக எண்ணவும் இல்லை. அவர்களைக் கொன்றபின் மகிழவும் இல்லை, செருக்கவும் இல்லை. நுட்பமான ஒரு குறிப்பும் இங்கு உண்டு: புதியவர் என்னும் பொருள்தரும் அடைமொழியைப் புலவர் இச்சிறுவனுக்குத் தராமல் அவன்மேல் வந்த பகைவருக்கே தருகிறார்.

வெற்றிக்கோலம் காட்டும் திரைக்கு நேரெதிரானது இம்முகம். எனினும் இப்பாடல்களை அப்படியே அறத்தின் பக்கம் நிறுத்திவிடுவதும் பிழையாகும். எழுவரை ஒருவன் வென்றான் என்னும்போது அவனோடு நின்ற பாண்டியப் படை முழுவதும் பாடலிலிருந்து மறைகிறது. மன்னனைப் பாடும் மரபு அவனைத் தனியனாக்கியே உயர்த்துகிறது. விளையாட்டின் இறுதித்திரை செய்வதும் அதுவே. இலக்கணம் எருமைக்கு ஒதுக்கிய இடத்தை மன்னனைப் பாடும் புகழ்ப்பாடல் பலவேளைகளில் ஒதுக்குவதில்லை.

எண்ணப்படுவன, எண்ணப்படாதன

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் இன்றும் நடக்கும் பெருவிளையாட்டு ஏறுதழுவல். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் பொங்கலையொட்டியும், 2024 சனவரி முதல் கீழக்கரையில் கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டு அரங்கிலும் அது நிகழ்கிறது. மாடுபிடி வீரர்கள் சுற்றுக்கு ஒரு நிறமாகச் சட்டையணிந்து களமிறங்குகின்றனர். பார்ப்பவருக்கு அது அணியாகத் தோன்றும். உண்மையில் அது அணி அன்று. ஒரு காளையின் திமிலை ஒருவரே பிடிக்க வேண்டும். கூடுதல் எண்ணிக்கையில் பிடித்தவரே அடுத்த சுற்றுக்கும் பரிசுக்கும் உரியவர். பிடிதவறி விழுந்தவனைக் காளையின் கொம்பிலிருந்து விலக்க அதன் கவனத்தைத் தன்பக்கம் திருப்பும் சக வீரனின் செயலுக்கு எண்ணிக்கை இல்லை. ஆயினும் அச்செயல் களத்தில் நிகழ்ந்துகொண்டேதான் இருக்கிறது. வாடிவாசலில் அதை அறிந்து ஆர்ப்பரிக்கும் ஊரார் உள்ளனர். ஒலிபெருக்கி பிடித்தவனின் பெயரையே சொல்லும்.

நடுகல்லும் அவ்வாறே. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமி நடுகற்களுள் ஒன்று ஆகோளைக் குறிக்கிறது. அதில் இறந்த வீரனின் பெயர் உண்டு. அவனோடு சென்றவர், காயப்பட்டு மீண்டவர், மீண்டவரைப் பேணியவர் எவருக்கும் கல் இல்லை.

இவ்விடத்தில் விளையாட்டுக்கு உரிய நியாயத்தை வழங்க வேண்டும். ரைவல்ஸின் ஆட்டப்பட்டியலில் வீழ்த்தியதற்கு மட்டுமன்றித் தடுத்த தாக்குதலுக்கும் ஆற்றிய காயத்துக்கும் தனித்தனி எண்கள் உள்ளன. ஆற்றுபவரே சிறந்த ஆட்டக்காரராக அறிவிக்கப்படுவதும் உண்டு. கல் செய்யாததைக் கணக்கு செய்கிறது. ஆனால் எண் இருப்பதனாலேயே விருப்பம் மாறிவிடவில்லை. எண் இருந்தும் அத்தொழிலுக்கு ஆள் வராமையே இவ்விளையாட்டு எழுப்பும் சிக்கல். புகழை அளக்கும் கருவியைத் திருத்துவதால் மட்டும் புகழின் ஆசை திருந்துவதில்லை.

ஆற்றும் தொழிலைப் புறப்பாடல்கள் களத்துக்கு வெளியே, வீட்டில் வைத்தன. அரிசில் கிழாரின் 281ஆம் பாடலில் விழுப்புண்பட்டுக் கிடப்பவனைக் காக்க அவன் மனைவி தோழியரை அழைக்கிறாள். மனையில் இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன, ஐயவி சிதறப்படுகிறது, யாழும் குழலும் மணியும் ஒலிக்கின்றன, காஞ்சிப்பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுகிறது. போர்க்களத்துக்கு இணையான உழைப்பு அது. அவளுக்கும் பெயர் இல்லை. எனினும் பாடல் அவள் குரலிலேயே அமைந்திருக்கிறது; புண்பட்டவன் அங்கு ஒரு சொல்லும் பேசுவதில்லை. பெயர் தராவிடினும் பேசும் உரிமையை அவளுக்குத் தந்தது, மரபு தன் குறையை ஓரளவு தானே ஈடுசெய்துகொண்ட இடம். ரைவல்ஸில் ஆற்றுபவர் களத்துக்குள் வந்துவிட்டார்; ஆனால் அணியினரோடு பேசும் ஒலித்தடத்தில் அவர் பெரும்பாலும் கேட்பது தம்மை ஏன் ஆற்றவில்லை என்னும் வசையையே.

நெடுநல்வாடையின் இறுதிப்பகுதி இவ்விரு தொழில்களையும் ஒருவனிடம் கொண்டுவருகிறது. நக்கீரரின் இப்பாட்டு தலைவன் பெயரைக் கூறவில்லை. வேலில் வேம்பு சூட்டப்பட்ட குறிப்பைக் கொண்டு அவனைப் பாண்டியனாக, மரபுவழியில் தலையாலங்கானத்து நெடுஞ்செழியனாகக் கொள்வர். எழுவரை அட்டதாக இடைக்குன்றூர் கிழார் பாடிய அதே மன்னன், இங்கு வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறங்காமல் பாசறையை விட்டு வெளிவருகிறான். விளக்கின் சுடர் காற்றில் சாய்கிறது, தெருவெல்லாம் சேறு. சிலரே உடன்வர, படைத்தலைவன் முன்சென்று ஒவ்வொருவராகக் காட்ட, புண்பட்ட மறவரை அவன் இன்முகத்தோடு கண்டு செல்கிறான். அங்கு அவன் எவரையும் வீழ்த்தவில்லை. காட்டப்படுவோரும் அவன் கொன்றவர் அல்லர், அவனுக்காக அடிபட்டவர். 76ஆம் பாடலில் காணாமற்போன படை இச்சேற்றுத்தெருவில்தான் மீண்டும் தென்படுகிறது.