ஒன்றும் செய்யாத நடிப்பு: ஹாரி டீன் ஸ்டாண்டனின் பலமும் பலவீனமும்

ஹாரி டீன் ஸ்டாண்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணைப் பாத்திரத்தில் வரும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று ஒரு விதி வகுத்தார் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட். 1989-ல் வெளியான 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்' படத்தைப் பார்த்துவிட்டு, விதி பொய்த்துப்போனதையும் அவரே எழுதினார். ஸ்டாண்டனின் அறுபதாண்டுத் திரை வாழ்க்கையை எடைபோட இந்த விதியும் வேண்டும், விதிவிலக்கும் வேண்டும். அவருடைய நடிப்புமுறை சாதாரணக் காட்சியையும் தூக்கி நிறுத்தக்கூடியது; ஆனால் இயக்குநர் அதற்கு இடம்விட்டால்தான்.

1926-ல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். பிறகு கலிஃபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸில் நாடகப் பயிற்சி பெற்றார். 1950களிலும் 60களிலும் 'கன்ஸ்மோக்', 'ராஹைட்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களில் துப்பாக்கி ஏந்திய சில்லறை வில்லன்களாக வந்துபோனார். 1966-ல் வெளியான 'ரைட் இன் த வேர்ல்விண்ட்' படம்தான் திருப்புமுனை. அதை எழுதியவர் நண்பர் ஜாக் நிக்கல்சன். நீ எதுவும் செய்ய வேண்டாம், உடையே நடித்துக்கொள்ளும், நீ நீயாக இருந்தால் போதும் என்ற பொருளில் நிக்கல்சன் அவரிடம் சொன்னார். அந்த அறிவுரையை ஸ்டாண்டன் கடைசிவரை விடவில்லை.

இந்த முறையின் முதல் பலம், சிறிய பாத்திரத்துக்கு முழு வாழ்க்கை கிடைத்துவிடுவது. 'ஏலியன்' (1979) படத்தில் அவர் பிரெட் என்ற விண்கப்பல் பணியாளர். சக ஊழியர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவதைத் தவிர அவருக்குப் பெரிய வசனம் இல்லை. பூனையைத் தேடிப் போகும் இடத்தில் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் அவசரமில்லாமல் முகத்தை அண்ணாந்து அதில் நனைகிறார். வேலை செய்து அலுத்த ஒரு மனிதன் கிடைத்த சிறு சுகத்தை அனுபவிக்கும் நேரம் அது. அடுத்து வரும் சாவு நம்மை உலுக்குகிறது என்றால், அந்தச் சில நொடிகளில் பிரெட் நமக்குத் தெரிந்தவராகிவிட்டதுதான் காரணம்.

இரண்டாவது பலம், பிறர் சொல்வதைக் கேட்கும் திறன். டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999) படத்தின் முடிவில் மட்டும்தான் அவர் வருகிறார். பகைத்துப் பிரிந்த சகோதரர், புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு வந்திருக்கிறார். நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வெளியே வரும் ஸ்டாண்டன், அந்த வண்டியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கவா இதில் வந்தாய் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். கண் கலங்குகிறது. மன்னிப்பு என்ற பேச்சே எழாமல் மன்னிப்பு நடந்து முடிகிறது. இரண்டு மணி நேரப் படத்தின் பாரத்தை ஓரிரு நிமிடத்தில் தாங்கும் நடிகர்கள் மிகச் சிலரே.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடக்கி வாசிக்கும் நடிப்புக்கு, அடக்குவதற்கென்று உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். திரைக்கதை அதைத் தராதபோது ஸ்டாண்டனிடம் வேறு கருவி இல்லை. 'ரெட் டான்' (1984) படத்தில் முகாம் வேலிக்குப் பின்னால் நின்று, தனக்காகப் பழிவாங்கும்படி மகன்களிடம் கத்துகிறார். உணர்ச்சியை உரக்கக் கொட்டும்படி கேட்டதும் குரல் செயற்கையாகிவிடுகிறது. வேடத்துக்கேற்ப உடலையும் பேச்சையும் மாற்றிக்கொள்வதும் அவருக்குக் கைவந்த கலை இல்லை. நீயாக இரு என்ற கொள்கை அவரைக் காப்பாற்றியது; சோர்ந்த முகம் கொண்ட நாடோடி என்ற ஒரே அச்சுக்குள் அடைக்கவும் செய்தது.

அதற்கான பழியில் பெரும்பங்கு ஹாலிவுட்டைச் சேரும். அதே 1984-ல் விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்சஸ்' வெளியாகி, கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. அதில்தான் 57 வயது ஸ்டாண்டன் கதாநாயகனானார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் மனைவியிடம் தங்கள் வாழ்க்கை சிதைந்த கதையைத் தொலைபேசியில் சொல்ல, நாற்காலியைத் திருப்பி அவளுக்கு முதுகு காட்டி உட்காருகிறார். முகத்தை நேராகப் பார்த்து அதைச் சொல்லும் துணிவு அவருக்கு இல்லை என்பதைக் குரலின் நிதானமே காட்டிவிடுகிறது. இப்படி நடித்தவருக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை, கடைசிவரை. இவ்வளவு கனமான அடுத்த நாயக வேடத்துக்கு 2017-ன் 'லக்கி' வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவருடைய எல்லை இன்னும் விரிந்தது என்பதைத் தொலைக்காட்சிதான் நிரூபித்தது. 2006-ல் எச்.பி.ஓ.வில் தொடங்கிய 'பிக் லவ்' தொடரில், பலதார மணம் புரியும் சமயக்குழுவின் தலைவர் ரோமன் கிராண்டாக வந்தார். அதே மென்குரல், அதே அசைவின்மை. ஆனால் இங்கே அவை அச்சுறுத்துகின்றன. மிரட்டலுக்குச் சத்தம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பல அத்தியாயங்களுக்கு நீளும் இப்படியொரு பாத்திரத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஸ்டாண்டனின் முறை எல்லாக் காட்சிக்கும் பொருந்தாது, எந்தப் படத்தையும் தனியாகக் காப்பாற்றவும் செய்யாது. ஆனால் எழுத்தில் உயிர் இருந்தால், அதைச் சேதமில்லாமல் பார்வையாளரிடம் சேர்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. குறைத்து நடிப்பதைச் சோம்பல் என்று நினைக்கும் இளம் நடிகர்கள் 'பாரிஸ், டெக்சஸ்' படத்தையும் 'ரெட் டான்' படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே நடிகர், ஒரே ஆண்டு. இடையே உள்ள தூரம், இயக்குநர் விட்ட இடத்தின் அளவு.