எளிய கைப்பேசியும் எழுத்தாளர் ஏக்கமும்

செய்தி அனுப்புவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்ட மொழி தமிழ். அன்னம், மயில், கிளி, முகில், குயில், நெஞ்சு, தென்றல், வண்டு முதலிய பத்தினைத் தூது விடுதற்கு உரியவை என முன்னோர் வகுத்தனர். வறுமையில் வாடிய சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூது விடுத்தார். தமிழையே தூதாக அனுப்பும் 'தமிழ்விடு தூது' என்னும் நூலும் நம்மிடம் உண்டு. தூது இலக்கியத்திற்கு அடிப்படையாக அமைந்தவை மூன்று: இருவரிடையே உள்ள தொலைவு, செய்தி சென்று மீளும்வரை நீளும் காத்திருப்பு, செய்தி சேர்ந்ததோ இல்லையோ என்னும் ஐயம். இம்மூன்றும் இல்லையேல் தூது இல்லை. அகப்பாடலின் பெரும்பகுதியும் இல்லை.

இன்று இம்மூன்றையும் திறன்பேசி விழுங்கிவிட்டது என்னும் குறை பரவலாகக் கேட்கப்படுகிறது. அதனோடு சேர்ந்து மற்றொரு குரலும் எழுகிறது. பொத்தான்களை அழுத்திப் பேசிய பழைய எளிய கைப்பேசியே போதும், அந்நாளே பொன்னாள் என்பது அக்குரல். கதையிலும் கவிதையிலும் கட்டுரையிலும் ஒலிக்கும் இவ்வேக்கத்தை முழுதும் ஏற்பதும் தவறு. முதியோர் புலம்பல் என்று தள்ளிவிடுவதும் தவறு. அதில் மெய்யானது எது, மறதியில் விளைந்தது எது என்று பிரித்துக் காண்பதே திறனாய்வின் வேலை.

ஏக்கத்தில் உள்ள உண்மை

கைப்பேசியின் வரலாறு நீண்டதன்று. 1973ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் நகரத் தெருவில் நின்று முதன்முதலாகக் கையடக்கக் கருவி ஒன்றின்வழிப் பேசினார். 1992 டிசம்பரில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 பன்னிரண்டு கோடிக்கும் மேல் விற்றது. 2007இல் ஐபோன் வந்தது. பொத்தான்கள் மறைந்து கண்ணாடித் திரை வந்தது. முதல் அழைப்பிலிருந்து கண்ணாடித் திரைவரை சென்ற காலம் முப்பத்து நான்கு ஆண்டுகளே.

இவற்றுள் மக்கள் நெஞ்சில் நிலைத்தது 3310 போன்ற எளிய கருவியே. ஒருமுறை மின்னேற்றினால் சில நாள் தாங்கியது. கீழே விழுந்தால் மூன்று துண்டாகப் பிரிந்தது. எடுத்துப் பொருத்தியதும் மீண்டும் பேசியது. இவையெல்லாம் புறச்சிறப்புகள். அதன் அகச்சிறப்பு வேறொன்று. அதற்கு ஒரு முடிவு இருந்தது. பேசி முடித்தவுடன் அது வாய்மூடியது. பாம்பு விளையாட்டு முதலிய சில எளிய விளையாட்டுகளைத் தவிர, மனிதனைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ள அதனிடம் வேறு சரக்கு இல்லை. அழைப்பவர் இல்லாத நேரத்தில் அது சட்டைப் பையில் கிடந்த ஒரு பொருள், அவ்வளவே.

திறன்பேசி அத்தகையதன்று. அழைப்பவர் இல்லாதபோதும் அது அழைக்கிறது. செய்தித்தாளும் கடைவீதியும் திரைப்படக் கொட்டகையும் வங்கியும் ஊர்வம்பும் ஒரே கண்ணாடிக்குள் அடைந்து, ஒன்றை நாடிச் சென்றவனை ஒன்பதில் நிறுத்துகின்றன. நேரம் பார்க்க எடுத்தவன் அரைமணி கழித்துக் கீழே வைக்கிறான். அப்பொழுதும் நேரம் பார்த்திருக்க மாட்டான். பயனில சொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வாழ்ந்த மொழியில், பயனில காணாமைக்கும் ஓர் அதிகாரம் தேவைப்படும் காலம் இது.

குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற எல்லை இருந்ததும் எண்ணத்தக்கது. ஒவ்வொரு செய்திக்கும் காசு செலவாயிற்று. ஆதலால் எழுதுவோர் சொல்லை எண்ணினர், தேவையற்றதை வெட்டினர். எல்லை நீங்கியபோது சிக்கனமும் நீங்கியது. இவ்வளவில் ஏக்கம் கொள்வோர் கூறுவது மெய்யே என்பதை மறுப்பதற்கில்லை.

ஏக்கம் மறந்தது

ஆயினும், அந்த எளிய கைப்பேசிகளுள் பலவற்றிற்குத் தமிழ் தெரியாது என்பதை ஏங்குவோர் மறந்துவிடுகின்றனர்.

மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் தம் தாய்க்கு அனுப்பிய குறுஞ்செய்தியைக்கூட ஆங்கில எழுத்தில் அமைத்தனர். 'வணக்கம்' என்னும் ஒரு சொல்லை அவ்வாறு எழுதப் பொத்தான்களைப் பதின்மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்திய பின்னும் வந்தது தமிழன்று. பழமும் பலமும் பாலமும் ஒரே தோற்றம் கொண்டன. லகர, ழகர, ளகர வேறுபாட்டை வகுப்பறையில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்த ஆசிரியர்களின் உழைப்பைச் சிறுபொத்தான்கள் ஒரே நாளில் அழித்தன.

தமிழ் எழுத்து குறுஞ்செய்திக்குள் நுழைந்தபோதும் நீதி கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்திற்கு 160 இடம் தந்த முறை, யூனிகோடு எழுத்திற்கு 70 இடமே தந்தது. அந்த எழுபதும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. 'தொலைபேசி' என்பது நம் கணக்கில் நான்கு எழுத்து. கருவியின் கணக்கில் எட்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்பட்டன. சொற்சிக்கனம் வளர்த்த எல்லை என்று புகழப்படும் அவ்வெல்லை, தமிழனுக்குப் பாதிக்கும் குறைவான நிலத்தையே பங்காகத் தந்தது.

இக்குறையைப் போக்கியோர் வரலாறு இம்மண்ணுக்கு உரியது. சிங்கப்பூர்ச் சிறுகதையாளர் நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழ் கால்கொள்ள உழைத்தார், 'கணியன்' என்னும் தமிழ் எழுத்து முறையை உருவாக்கினார், 1999இல் மறைந்தார். மலேசியரான முத்து நெடுமாறன், 'முரசு அஞ்சல்' கண்டவர், 'செல்லினம்' வழியாகக் கைப்பேசியில் தமிழை ஏற்றினார். 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அது வெளியீடு கண்டது. பின்னர் வந்த திறன்பேசிகளில் தமிழ் எழுதுவது எவர்க்கும் எளிதாயிற்று. கூலிம் தோட்டத்திலோ உட்லண்ட்ஸ் அடுக்ககத்திலோ இருக்கும் ஒருவர் இன்று ழகரத்தை ழகரமாகவே எழுதலாம். தமிழ் எழுத்தாளர் எவரேனும் எளிய கைப்பேசிக் காலத்தைக் குறையற்ற பொற்காலம் என்று பாடுவாராயின், தம் மொழிக்கு வாசலில் இடம் மறுத்த வீட்டைப் பாடுகிறார் என்பதே பொருள்.

பேச்சறிவு மட்டுமே உள்ளவர்க்குக் கிடைத்த ஆதாயமும் பெரிது. தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தொழிலாளர்கள் ஒரு காலத்தில் ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் தொலைபேசி அட்டையைக் கையில் பிடித்தபடி பொதுத் தொலைபேசிக்காகக் காத்து நின்றனர். எழுத்தறியாத தாய்க்கு அனுப்பிய கடிதத்தை அண்டை வீட்டார் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. மகனின் துயரம் ஊருக்குத் தெரிந்த பின்னரே தாய்க்குத் தெரிந்தது. இன்று அத்தாய் மகனின் முகத்தையே பார்க்கிறாள். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் தொழிலாளர் விடுதிகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோது, அவர்களுக்கும் உலகிற்கும் இடையே திறந்திருந்த சன்னல் அந்தச் சிறு கண்ணாடிதான். காத்திருப்பின் அழகைப் பாடுவோர், காத்திருந்தவரிடம் ஒரு சொல் கேட்டபின் பாடுதல் நலம்.

கதைகளில் கைப்பேசி

நம் சிறுகதைகளில் திறன்பேசி பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. உணவு மேசையைச் சுற்றி நால்வர். நால்வர் கையிலும் கைப்பேசி. மூலையில் பேச ஆளின்றிப் பாட்டி. கதை முடிவில் பாட்டி இறந்துவிடுகிறாள். பேரன் கைப்பேசியில் அவளுடைய தவறிய அழைப்பு ஒன்று கிடக்கிறது. படிப்போர் கண்ணில் நீர் வருகிறது. ஆயின் அக்கண்ணீர் சரியான முகவரிக்குச் சென்று சேர்வதில்லை.

இதே பாட்டி முன்பும் தனியாகவே இருந்தாள். அப்பொழுது பழி தொலைக்காட்சியின்மேல் விழுந்தது. அதற்கு முன் திரைப்படத்தின்மேல் விழுந்தது. கருவி மாறிக்கொண்டே வர, பாட்டி அங்கேயே இருக்கிறாள் எனில் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். மலேசியத் தோட்டங்கள் பல 1980களுக்குப் பின் வீட்டுமனைகளாக மாறிப் போயின. லயங்களில் சுவருக்குச் சுவர் வாழ்ந்த மக்கள் நகர்ப்புறங்களுக்குச் சிதறினர். சிங்கப்பூரில் கம்பத்து மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். குழாயடியும் கோயில் திடலும் ஒட்டுக்கடையும் பாட்டிக்குத் தந்திருந்த பேச்சுத்துணை அப்பொழுதே பறிபோயிற்று. திறன்பேசி நுழைந்தது ஏற்கெனவே பேச்சு வற்றிய வீட்டிற்குள். அவ்வறட்சியை அது பெருக்கியது உண்மை. அதைத் தொடங்கியது அதுவே என்பது உண்மையன்று. கைப்பேசியைக் கடிந்து முடியும் கதை, பெருங்குற்றவாளியைத் தப்பவிட்டுச் சிறு திருடனைப் பிடித்த காவலர் கதையாகிவிடுகிறது.

இக்கதைகளின் மற்றொரு குறை, பாட்டியின் கையில் கைப்பேசி இருப்பதை அவை காணாமையாகும். அவளும் இன்று காலை வணக்கப் பூக்களை உறவினர் குழுவிற்கு அனுப்புகிறாள். எட்டு ஊர்களில் உள்ள எட்டுப் பிள்ளைகளின் உணவையும் உடல்நலத்தையும் கேட்கிறாள். பொய்ச்செய்தியையும் மோசடி அழைப்பையும் நம்பி இடருறுவதும் உண்டு. அவளுடைய ஆர்வமும் அச்சமும் அறியாமையும் கதைக்குரிய பொருள்கள். மூலையில் உட்கார்த்தி வைத்து இரங்குவதைவிட அவளைச் செயற்படும் மாந்தராகப் படைப்பது கலைக்கும் அவளுக்கும் மதிப்பளிப்பதாகும்.

தொடக்கத்தில் கூறிய தூதின் மூன்று கூறுகளை ஈண்டு மீண்டும் நோக்கலாம். திறன்பேசி அவற்றை அழித்துவிட்டது என்பது மேலோட்டமான முடிவு. 2014ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் செயலியில் இரட்டை நீலக்குறிகள் வந்தன. அனுப்பிய செய்தியை மற்றவர் பார்த்துவிட்டார் என்பதை அவை அறிவிக்கும். நாரையை விடுத்தவர்க்குச் 'சேர்ந்ததோ, இல்லையோ' என்ற ஐயம் இருந்தது. அவ்வையத்தினுள் ஓர் ஆறுதலும் இருந்தது. மறுமொழி வாராமைக்கு வழியைக் காரணம் காட்டலாம். நாரையைக் காரணம் காட்டலாம். இன்று அவ்வாறுதல் இல்லை. செய்தி சேர்ந்தது, பார்க்கப்பட்டது, மறுமொழி மட்டும் இல்லை. இக்காலப் பாலைத்திணை இதுவே எனலாம். தொலைவு சுருங்கியும் பிரிவு சுருங்காத இந்நிலையைக் கூர்ந்து நோக்குவோர்க்குப் புதிய கதைகள் பல காத்திருக்கின்றன. பழைய கடிதத்தையும் தவறிய தந்தியையும் விடாது பற்றிக்கொண்டிருப்போர் அவற்றை எழுதல் அரிது.

விரும்பினாலும் திரும்ப இயலுமா?

எளிய கைப்பேசிக்குத் திரும்புவது தனி மனிதரின் மன உறுதியைப் பொறுத்தது என்று கூறுவாரும் உளர். நடைமுறை அவ்வாறில்லை. 2017 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்ட நோக்கியா 3310 அறிவிக்கப்பட்டபோது பழமை விரும்பிகள் மகிழ்ந்தனர். அக்கருவி இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் இயங்குவது. சிங்கப்பூரிலோ அவ்வலையமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று மூடப்பட்டது. ஏக்கம் கடைக்கு வந்து சேருமுன் அதன் பாதை அடைபட்டது. மூன்றாம் தலைமுறை வலையமைப்பையும் மலேசியா 2021 இறுதியிலும் சிங்கப்பூர் 2024இலும் நிறுத்தின.

நோய்த்தொற்றுக் காலத்தில் கடைக்குள் நுழைவதற்கே கைப்பேசிப் பதிவு வேண்டப்பட்டது. மலேசியாவில் மைசெஜாத்ரா செயலி இல்லாத முதியோர் வாசலில் தயங்கி நின்றனர். சிங்கப்பூரில் திறன்பேசி இல்லாத முதியோர்க்கு 2020 ஜூன் முதல் தனிக்கருவி வழங்கப்பட்டது. திறன்பேசி இல்லாமல் வாழ விரும்புவோர்க்கும் ஒரு வழி வைத்தல் இயலும் என்பதற்கு அச்சிறு கருவி சான்று. வங்கியும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும் திரைக்குள் குடியேறும் இந்நாளில், வேண்டாம் என்று சொல்லும் உரிமை செல்வர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் மட்டும் உரியதாகிவிடக் கூடாது. ஏக்கப் பாடல்கள் இவ்வுரிமைக்காகக் குரல் கொடுத்திருப்பின் அவற்றின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்திருக்கும்.

முடிவுரை

எளிய கைப்பேசியிடம் மக்கள் விரும்பியது அதன் வரம்பை. அவ்வரம்பை அன்று கருவியே இட்டது. இன்று மனிதர் தாமே இட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. இது கடினம், கருவியை ஆக்குவோர் வரம்பின்மையையே விற்பனைப் பொருளாக்கியிருப்பதால் மேலும் கடினம். உணவு வேளையிலும் உறங்கும் வேளையிலும் அதனைத் தொலைவில் வைக்கும் வீட்டுப் பழக்கம் சிறிதாயினும் நல்ல தொடக்கம்.

தமிழரைப் பொறுத்தவரை இன்னொரு கடமையும் உண்டு. பொத்தான் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியதற்குக் கருவி காரணம் எனலாம். தமிழ் விசைப்பலகை கைக்குள் வந்த பின்னும் பலர் அவ்வாறே எழுதி வருகின்றனர். இதற்குக் கருவியைக் குறைகூற இயலாது. எழுத்தாளர் சங்கங்களின் அறிவிப்புகளும் அழைப்புகளும்கூடச் சில வேளைகளில் அவ்வண்ணமே வருகின்றன. நா. கோவிந்தசாமி போன்றோர் உழைத்துத் திறந்த வாயிலின் முன் நின்றுகொண்டு, அவ்வாயில் இல்லாத காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவது அழகன்று. பழைய கைப்பேசிக்காக ஏங்குவோர் ஏங்கலாம். அவ்வேக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புவாராயின், இன்று அது ழகரம் கெடாமல் சென்று சேரும்.