அந்தரத்தில் நின்ற குடும்பம்

மராத்தி நாடகாசிரியர் ஜயந்த் பவார் 1997-இல் அளித்த ‘அதாந்தர்’ என்னும் நாடகத்தின் பெயர் நமக்கு அயலானதன்று; ‘அந்தரத்தில் தொங்குதல்’ என்று நாம் வழங்குவதே அதன் பொருள். மும்பையின் ஆலைப் பகுதியில், ஒற்றை அறைக் குடியிருப்பில், ஒரு தாய் தன் மக்களோடு நடத்தும் வாழ்க்கையே கதை. ஒரு மகன் எழுத்தாளனாகக் கனவு காண்கிறான். ஒருவன் கிரிக்கெட் பேச்சில் காலம் கழிக்கிறான். இன்னொருவன் அடியாள் கூட்டத்தில் சேர்கிறான்.

1982 ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில், ஏறத்தாழ 2.5 லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. துணி உற்பத்தி பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிகளுக்குப் பெயர்ந்தது. ஆலையைவிட அது நின்ற நிலமே விலைமதிப்புடையதாயிற்று. பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று அங்காடி வளாகம் நிற்கிறது.

இவை யாவும் நாடகத்தில் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதனைக் குறையெனக் கூறலாம். ஆயினும், தம் வாழ்வைக் குலைத்தவர் யாரென்று அவ்வீட்டார் காண இயலாமையே அவர்தம் துன்பத்தின் இயல்பு. முகவரியற்ற அச்சினத்துக்கு எவரேனும் ஒரு முகவரி எழுதித் தரக் காத்திருப்பர் அன்றோ?

தொழில் நலிவே மண்ணின் மைந்தர் முழக்கத்தை ஈன்றது என்பாரும் உளர். காலக்கணக்கு அதனை ஏற்காது. 1966 ஜூனில் சிவசேனை தோன்றியபோது ஆலைச் சங்குகள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. அன்று குறிவைக்கப்பட்டோர் நம்மவரே: குமாஸ்தாக்களும், தட்டச்சர்களும், உணவு விடுதிக்காரர்களும். 2008-இல் வேறொரு கட்சியின் முழக்கத்தால் அடிபட்டோர் வடநாட்டு டாக்சி ஓட்டுநர்களும், ரயில்வே தேர்வெழுத வந்த இளைஞர்களும். முழக்கம் முன்னரே இருந்தது. நலிவு அதற்குச் செவிகளைப் பெருக்கித் தந்தது. மூடிய ஆலை எதையும் அது திறந்ததில்லை.

அந்நாளைய வசைகளை நம் குடும்பங்கள் இன்னும் நினைவில் வைத்துள்ளன. அந்நினைவில், எதிர்நின்ற இளைஞனுக்கு முகமில்லை. பின்னாளில் அத்தகைய கூட்டத்தில் நின்றிருக்கக்கூடியவனுக்கு இந்நாடகம் ஒரு வீட்டையும், அடுப்பெரிக்க வழி தேடும் ஒரு தாயையும் தருகிறது. அதனால் அவன் கல்லெறிந்தது நியாயமாகிவிடாது. ஆனால், கல்லை அவன் கையில் கொடுத்தவர் யாரென்று நாம் கேட்கத் தொடங்குவோம். நாடகத்தின் வெற்றி அதுவே எனலாம்.