வேட்டிக்குத் திறந்த கதவு

அடையாற்றங்கரையில் குவிமாடம் வைத்த ஒரு மாளிகை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பெனியின் கணக்கு அதிகாரி ஜார்ஜ் மவுப்ரே குடியிருந்த இடம். டி.டி.கே. சாலைக்கு மவுப்ரேஸ் ரோடு என்று முன்னால் பெயர் இருந்தது இவரால்தான். 1832இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று தொடங்கிய மெட்ராஸ் கிளப், 1963இல் அடையாறு கிளப்போடு இணைந்து இங்கே வந்து சேர்ந்தது.

சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மாதிரி வீடுகளின் தூண்களைப் பார்த்து உருகுவார்கள். கூடவே ஒரு வருத்தமும் படுவார்கள்: 1960கள் வரை இந்தியரை உறுப்பினராகச் சேர்க்கவில்லையே என்று. எந்த இந்தியரை? நம்ம ஆட்கள் வெள்ளைக்காரன் வீட்டுக்குள் என்றைக்கோ போய்விட்டார்கள். மாட்டுக்கறி சமைக்கவும் எச்சில் தட்டு எடுக்கவும் சாதி இந்து கூசினான். அதனால் பட்லர், சமையல்காரர், ஆயா என்று அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் பறையர்கள். போனது பின்வாசல் வழியாக. தூண்களை வருணிக்கும் பக்கங்களில் அவர்களைத் தேடிப் பாருங்கள்.

2014 ஜூலையில் இன்னொரு கிளப்பில், சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். அவருக்கு நேர்ந்தது அவமானம்தான், மறுக்கவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம். வேட்டியைத் தடுக்கும் கிளப்புக்கு உரிமம் போகும். தடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இவ்வளவு வேகத்தைப் பார்த்தபோது எனக்கு 1930 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. அந்த மாதம் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்களுக்கு ரவிக்கை கூடாது. செருப்பு கூடாது, குடை கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார். கணுக்கால் வரை இறங்கும் வேட்டியும் ஒரு காலத்தில் நமக்கு மறுக்கப்பட்ட கிளப்தான். இந்த வரலாறு தெரியாமல் அதைத் 'தமிழன் உடை' என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

சட்டம் துணியைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஓட்டல், பொதுக் கேளிக்கை இடங்களில் சாதித் தடை கூடாது என்கிறது. கிளப்காரன், "இது எங்க சொந்த இடம்" என்பான். ஒரு பார்சி வீட்டு வசதிச் சங்கத்தின் வழக்கில், சங்கம் தன் சமூகத்தாரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படி விதி எழுதி மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியம்கூட கிளப்புகளுக்கு இல்லை. முன்மொழிய ஒரு உறுப்பினர், வழிமொழிய இன்னொரு உறுப்பினர் என்ற ஏற்பாடே போதும். சேரியில் பிறந்து வக்கீலானவர் கையில் பணம் இருக்கலாம், இடுப்பில் பட்டு வேட்டியே இருக்கலாம். அந்த ரெண்டு கையெழுத்துக்கு அவர் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்?