மைக்குக்குள் அடைபட்ட கைகள்

ப்ளூஸ் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டரை 2008-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது பக்கவாத்தியக்காரர்களுக்கான பிரிவில் வைத்தார்கள். ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. சொந்தப் பெயரில் ‘ஜூக்’, ‘மை பேப்’ என்று இரண்டு இசைத்தட்டுகளை ஆர் அண்ட் பி பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவரை ஒருகாலத்தில் அவரைத் தன் குழுவில் வைத்திருந்த மட்டி வாட்டர்ஸின் நிழலில் உட்காரவைப்பது என்ன மரியாதை? ஆனால் அவருக்காக வாதாடுகிறவர்கள் தவறாமல் எடுத்துவைக்கும் சான்று ஒன்று இருக்கிறது. ப்ளூஸ் மவுத் ஆர்கனை இன்று யார் எடுத்தாலும் வால்டர் மாதிரியே வாசிக்கிறார்களாம். இதைப் புகழ்மாலை என்று நினைத்துச் சூட்டுகிறார்கள். எனக்கு இது குற்றப்பத்திரிகையாகப் படுகிறது.

அவர் மேதை என்பதில் சண்டை இல்லை. லூசியானாவிலிருந்து சின்ன வயதிலேயே கிளம்பி, சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் காசுக்கு வாசித்தவர். 1952 மே மாதம் மட்டியின் குழுவோடு அவர் பதிவுசெய்த ‘ஜூக்’ எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. அதில் பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம். லூயி ஜோர்டனின் சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்த காது அது. பிரெட் பிலோ டிரம்ஸ் வாசிக்க அவர் செய்த பதிவுகளின் துள்ளலை மிஞ்ச இன்றைக்கும் ஆளில்லை. இதற்கு மேல் புகழ அவருடைய பக்தர்கள் இருக்கிறார்கள்.

என் குறை அவர் பரப்பிய முறையைப் பற்றியது. மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் காற்றுப் புகாமல் பொத்திக்கொள்வது. வால்வு ஆம்ப்ளிஃபயரை அது திணறும் அளவுக்குக் கூட்டிவைப்பது. ஒலி தடிக்கும், ஓரம் கரகரக்கும். மின்கிதாரும் டிரம்ஸும் இரைந்த சிகாகோ மதுக்கூடங்களில், பத்துத் துளையுள்ள அந்தச் சின்ன வாத்தியம் காதில் விழ வேறு வழி இருக்கவில்லை. (தான்தான் இதை முதலில் செய்ததாக இன்னொரு மவுத் ஆர்கன்காரரான ஸ்னூக்கி பிரையர் சொல்லிக்கொண்டார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.) ஆனால் அந்தப் பிடியில் வாத்தியத்தின் பாதி உயிர் போய்விடுகிறது. மவுத் ஆர்கனைப் பேசவைப்பதில் மூச்சுக்கு உள்ள பங்கு கைக்கும் உண்டு. கை விரிந்தால் ஒலி வெளிச்சமாகும், குவிந்தால் முனகும். விரல்கள் படபடத்தால் விம்மும், கேலி செய்யும். மைக்கைப் பொத்திய கைக்கு இந்த விளையாட்டு பெரும்பாலும் கிடையாது. பிடி தளர்ந்தால் அந்தத் தடிமனே சரிந்துவிடும். மூச்சுக்கும் இதே கதிதான். ஆம்ப்ளிஃபயர் திணற ஆரம்பித்துவிட்டால் மெல்ல ஊதியதும் அழுத்தி ஊதியதும் ஏறக்குறைய ஒரே சத்த அளவில் வெளியே வருகின்றன. சில கெட்டிக்காரர்கள் பிடியைச் சற்றே நெகிழ்த்தி நிறம் மாற்றுவார்கள். அவர்கள் சிலர்தான்.

வால்டருக்கு இந்த இழப்பு உறைக்கவில்லை, அவரிடம் ஈடுகட்டச் சரக்கு இருந்தது. எங்கே நிறுத்துவது, தாளத்துக்கு எவ்வளவு பின்தங்கி விழுவது, ஒரு சின்னத் துணுக்கை எத்தனை முறை திருப்பலாம் என்ற கணக்கு அவருக்குக் கைவந்திருந்தது. வாரிசுகள் எடுத்துக்கொண்டதோ கரகரப்பை மட்டும். பழைய அஸ்டாட்டிக் மைக்குகளைத் தேடி அலைகிறார்கள், எந்த வால்வு போட்டால் ‘அந்த’ ஒலி வரும் என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள், ‘ஜூக்’கைச் சுரம் பிசகாமல் ஒப்பித்துக் காட்டுகிறார்கள். கடையில் வாங்க முடியாதது எதுவும் அவர்கள் பேச்சில் வருவதில்லை. ஜூனியர் வெல்ஸ், பால் பட்டர்ஃபீல்ட் என்று தப்பித்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

வால்டர் இப்படி யாரையும் ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை என்பதைத்தான் பக்தர்கள் மறந்துவிடுகிறார்கள். 1947-இல் அவர் செய்த முதல் பதிவுகளில் முதலாம் சன்னி பாய் என்று அறியப்பட்ட ஜான் லீ வில்லியம்சனின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. ஐந்தே ஆண்டில் அதை உதறிவிட்டு ‘ஜூக்’குக்கு வந்துசேர்ந்தார். அவர் இறந்தது 1968-இல், நாற்பதைத் தொடாமலே. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவருடைய சீடர்கள் 1952-ஐ விட்டு நகரவில்லை.

இத்தனைக்கும் வேறு பாதை கண்ணெதிரே கிடந்தது. இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன் என்று அறியப்பட்ட ரைஸ் மில்லர், வால்டர் பதிவுசெய்த அதே செக்கர் இசைத்தட்டு நிறுவனத்துக்குத்தான் பதிவுசெய்தார். ஸ்டாண்டில் நிற்கும் மைக்குக்கு முன்னால் நின்று, இரண்டு கையும் சுதந்திரமாக, இரண்டே சுரத்தில் ஒரு கதை சொல்லிவிடுவார். 1963-இல் ஐரோப்பாவில் அவர் வாசித்த படக்காட்சிகள் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பார்த்தாலே போதும். அவர் வழியில் போனவர்கள் குறைவு, அந்த வழிக்கு விற்கக் கருவி எதுவும் இல்லையே.

மட்டி வாட்டர்ஸ் 1950-இல் பதிவுசெய்த ‘லூசியானா ப்ளூஸ்’ இசைத்தட்டில் மவுத் ஆர்கன் வாசிப்பது வால்டர்தான், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ‘ஜூக்’கைத் தொடுவதற்கு முன் ஒரு வருடம் அதைக் கேட்கட்டும். மைக்கை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.