சு ஷியின் கோபம்

கீழை ஆசிய பௌத்தம் பற்றி நாம் வாசிக்கும் கட்டுரைகளில் கடல் எப்போதும் அமைதியாகவே இருக்கிறது. துறவி கப்பலேறுவார், கவிஞர் வரவேற்பார், இருவரும் தேநீர் குடிப்பார்கள். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உய்ச்சோன் செய்ததையும் சு ஷி எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்பதில்லை.

உய்ச்சோன் கோர்யோ அரசர் முன்ஜோங்கின் நான்காவது மகன். சிறுவயதிலேயே துறவி. சீனா போகணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வடக்கே கித்தான்களின் லியாவ் அரசு என்ன நினைக்குமோ என்று அரசவை விடவில்லை. 1085இல் ஒரு வணிகக் கப்பலில் ரகசியமாக ஏறிப் போய்விட்டார். ஹாங்சௌவில் ஜிங்யுவானிடம் அவதம்சகம் பயின்றார். வழக்கமான குரு–சீடர் கதை இங்கே தலைகீழாகிறது. சீனாவில் கிடைக்காமல் போயிருந்த உரைநூல்களைச் சீடர்தான் குருவுக்குக் கொண்டுவந்து தருகிறார்.

1086இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்களோடு ஊர் திரும்பியவர், 1090இல் ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார். அதில் சூத்திரங்கள் கிடையாது, உரைகள் மட்டுமே. ஆயிரத்துக்கும் மேல். சீனர், கொரியர், கித்தான் ஆட்சியில் இருந்தவர் எல்லோரும் அந்த ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். அன்றைய அரசியலில் இது லேசுப்பட்ட காரியமா என்ன? என்னைக் கேட்டால் உய்ச்சோனின் ஆகச்சிறந்த படைப்பு இந்தப் பட்டியல்தான்.

ஜிங்யுவான் 1088இல் இறந்தார். மறுவருடம் உய்ச்சோனின் சீடர்கள் அஞ்சலி செலுத்த ஹாங்சௌ வந்தார்கள், கையில் இரண்டு பொன் கோபுரங்கள். அப்போது அந்த நகரின் ஆட்சியராக வந்து சேர்ந்திருந்தவர் சு ஷி. பௌத்தம் பிடிக்காத கன்பூசியர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. 'துங்போ' என்ற தன் புனைபெயரோடு பௌத்த இல்லறத்தாரைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துக்கொண்டவர். துறவிகளோடு கவிதையும் கிண்டலுமாக வாழ்ந்தவர். அவர்தான் அந்தப் பரிசை ஏற்கக் கூடாது என்று அரசவைக்கு எழுதுகிறார். 1093இல் கொரியர்களுக்கு நூல் விற்கவே கூடாது என்றும் எழுதினார்.

இதை இரட்டை வேடம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தூதுக்குழு வந்தால் வழிநெடுக உள்ளூர் மக்களுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு ஊழியம் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகியின் எழுத்து அது. கொடுத்த செய்தி கித்தான்களுக்குப் போய்விடும் என்ற பயமும் வெறும் கற்பனையில்லை, கோர்யோ லியாவுக்கும் கப்பம் கட்டிக்கொண்டிருந்த நாடு. ஆனால் செத்துப்போன ஜிங்யுவானைக் கடல் வணிகர்களோடு கூட்டு சேர்ந்து லாபம் பார்த்த ஆளாக அவர் வர்ணிக்கும் இடம் மட்டமானது. உய்ச்சோனின் குரு ஒரு சாதாரண ஆள் என்று நிரூபித்தால்தான் அவர் வாதம் ஜெயிக்கும். மற்றபடி அதற்கு அங்கே வேலையில்லை.

கோர்யோவில் இந்தக் கோபத்தை யாரும் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. அங்கே ஓர் அறிஞர் குடும்பத்தில் இரு சகோதரர்கள், கிம் புசிக்கும் கிம் புச்சோலும். பெயர்களின் கடைசி எழுத்துகள் சு ஷி, அவர் தம்பி சு ஜெ இருவரின் பெயர்களிலிருந்து எடுத்தவை. 1101இல் மறைந்த உய்ச்சோனுக்கு, கேசோங் அருகே யோங்தோங்சா மடத்தில் 1125இல் நட்ட நினைவுக்கல்லின் வாசகத்தை எழுதியவர் இந்த புசிக்தான்.